பிறை வீட்டின் பங்கு மழை

நாகப்பட்டினத்தில் பாய்மரத் தெரு என்று ஒன்று இருப்பதும், அந்தத் தெருவின் கோடியில் பிறை வீடு என்று ஒன்று இருப்பதும், அந்த வீட்டின் மேல் மட்டும் இரண்டு ஐப்பசிகளாக மழை பெய்யவில்லை என்பதும் எங்களுக்கெல்லாம் மத்தி மீன் விலை ஏறி இறங்குவதைப் போலப் பழகிப்போயிருந்த காலத்தில்தான், நீலாயதாட்சி கையில் முகம் பார்க்கும் கண்ணாடியோடு ஏணி வைத்து ஏறினாள். ஏறினவளை இறங்கச் சொல்ல எங்கள் தெருவில் ஆளுக்குப் பஞ்சமில்லை. யார் சொல்லியும் அவள் இறங்கவில்லை.

வாசலுக்கு மேலே பிறை நிலா மாதிரி முன்னால் வளைந்து நிற்கும் மாடத்தால் அந்த வீட்டுக்கு அப்படிப் பெயர். கட்டியவர் கப்பல் சரக்கு பார்த்த பெரியவர். மொட்டைமாடித் தண்ணீர் இறங்க அவர் ஒரே ஒரு குழாய்தான் வைத்தார். ஆனால் அதை வார்ப்பிரும்பில் வைத்தார்; மேலே தாம்பாளம்போல விரிந்த வாயும், துண்டுக்குத் துண்டு ஒன்றின் கழுத்துக்குள் ஒன்று உட்கார்ந்த உடம்பும், கீழே தெருவைப் பார்த்து வளைந்த பாதமுமாக அது சுவரோடு சுவராக நின்றது. அவர் போன பிறகு பிள்ளைகள் காயாரோகணமும் அம்பலவாணனும் வீட்டைப் பங்கு போட்டார்கள். கொத்தனார் நடுவீட்டில் பிடித்த நூலை அப்படியே மொட்டைமாடி வரைக்கும் ஏற்றிக் குறுக்குச் சுவர் எழுப்ப, அந்தச் சுவர் போய்க் குழாயின் வாய்க்கு நட்டநடுவில் முட்டிக்கொண்டு நின்றது. வாயில் பாதி அண்ணனுக்கு, பாதி தம்பிக்கு என்று ஆயிற்று. கிணற்றை, கொல்லையை, அம்மிக்கல்லை, மாமரத்தில் எந்தக் கிளை யாருக்கு என்பதைக்கூட உட்கார்ந்து பேசினவர்கள் குழாயை யார் பார்த்துக்கொள்வது என்று மட்டும் பேசவில்லை.

பேசாததால் பொங்கலுக்குப் பொங்கல் அண்ணன் தன் பக்கத்துக் குழாய்க்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார், தம்பி தன் பக்கத்துக்கு மஞ்சள் அடித்தார். நெட்டுக்குத்தாகப் பாதி பச்சையும் பாதி மஞ்சளுமாக நின்ற அந்தக் குழாயைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் ஏதோ கட்சிக் கொடிக்கம்பம் என்று நினைத்ததுண்டு. தெருவுக்குத் தெரியும் பக்கத்துக்குத்தான் இந்தப் போட்டி. சுவரைப் பார்த்திருந்த முதுகுப்பக்கம் பச்சையிலும் சேரவில்லை, மஞ்சளிலும் சேரவில்லை. அது பாட்டுக்குத் துருவேறிக்கொண்டிருந்தது.

ஓர் ஐப்பசியில் குழாய் கசிந்து தம்பி வீட்டுச் சுவர் ஊறியது. அம்பலவாணன், நீலாயதாட்சியின் கணவர், சாதாரணமாக ஈயைக்கூட அதிர்ந்து ஓட்டாதவர், அன்றைக்கு என்ன வேகம் வந்ததோ, மேலே போய் அண்ணன் பக்கத்து அரைவாயில் சிமென்ட்டைக் குழைத்து அப்பிவிட்டார். மறுநாள் அண்ணன் மாடி குளமாகி, தண்ணீர் படிக்கட்டு வழியாக இறங்கி அரிசி மூட்டையில் போய் நின்றது. இரண்டு பேரும் கொட்டுகிற மழையில் தெருவில் நின்று, “உன் தண்ணி என் சுவத்துல”, “உன் தண்ணி என் அரிசியில” என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். கடைசியில் காயாரோகணம் வானத்தைப் பார்த்துக் கையை வீசி, “இந்த வூட்டு மேல இனிமே ஒரு சொட்டு விழ வேணாம்! உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம்!” என்றார். “வேணாம்னா வேணாம்!” என்றார் அம்பலவாணன். பங்கு பிரிந்த பிறகு அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். மழை அதை மதித்து அந்த நிமிஷமே பிறை வீட்டை விட்டு விலகி நின்றது.

முதல் நாள் நாங்கள் எல்லாரும் போய்ப் பார்த்தோம். மாடத்தில் நின்று கையை நீட்டினால் நனைந்தது, இழுத்துக்கொண்டால் காய்ந்தது. நாலு பக்கமும் மழை பாசிமணித் திரை மாதிரி தொங்க, நடுவில் அந்த வீடு மட்டும் சித்திரை மாதத்தில் இருந்தது. கோயில் குருக்கள் வந்து பார்த்துவிட்டு, தோஷம் என்றும் சொல்லாமல் விசேஷம் என்றும் சொல்லாமல் காபி குடித்துவிட்டுப் போனார். மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி இல்லை என்று கேள்வி கேட்க வந்த அதிகாரி அரைமணி நேரம் மாடியில் நின்று, சேகரிக்க ஒன்றும் இல்லை என்று தானே ஒப்புக்கொண்டு, நனைந்திருந்த தன் சட்டையை அங்கேயே காயப்போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் சட்டையைக் காயப்போட்டதைப் பார்த்ததும்தான் எங்களுக்கு யோசனையே வந்தது.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? குழந்தைத் துணிகள் வந்தன, கருவாட்டுக் கூடைகள் வந்தன, தீபாவளிக்கு முன்னால் நமுத்துப்போன வெடிகள் வந்தன, மெத்தைக் கடை உமர் பாயின் இலவம்பஞ்சு வந்தது, பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள் வந்தார்கள், கேரம் போர்டு வந்தது, சொற்பொழிவு வைக்க மைக் செட்டோடு மாதர் சங்கம் வந்தது. வருகிறவர்கள் குடையைப் படிக்கட்டிலேயே விட்டுவிட வேண்டும், ஈரக் காலோடு ஏறக் கூடாது, அண்ணன் பக்கத்து மாடி விசேஷங்களுக்கு, தம்பி பக்கத்து மாடி காயப்போடுவதற்கு என்று யாரும் கூடிப் பேசாமலே சட்டதிட்டங்கள் உண்டாகி, அடுத்த ஐப்பசியில் அவை ஏதோ பாட்டன் காலத்திலிருந்து இருப்பவை மாதிரி ஆகிவிட்டன. காயாரோகணத்துக்கு நடையே மாறிவிட்டது. தன் மகள் கயல்விழியின் கல்யாணத்தை ஐப்பசியிலேயே வைத்து, “அடைமழை மாசத்துல மண்டபம் கிடைக்காதே” என்று கவலைப்பட்ட மாயவரத்துச் சம்பந்தியிடம், “மண்டபம் எதுக்குங்க? எங்க மொட்டைமாடியில பந்தலே போடாம பண்ணிக் காட்றேன்” என்று மார்தட்டிவிட்டு வந்தார். பெய்யாத மழை எங்கே போகிறது என்று மட்டும் தெருவில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பிறை வீட்டுக்குப் பின்னால், கொல்லைச் சுவரை ஒட்டி, ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. அங்கே சலேத்மேரி இடியாப்பம் பிழிந்து விற்கிறாள். அவள் புருஷன் சூசை விசைப்படகின் மேல்தட்டிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் சுவரோரக் கட்டிலில் கிடக்கிறான். மூன்றாவது வருஷம், புரட்டாசியில் முதல் மழை பிடித்த ஒரு காலையில், நீலாயதாட்சி தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு இடியாப்பம் வாங்கப் போனாள்.

“பாத்து வாங்க நீலாக்கா, இங்க ரெட்டையா விழுது” என்றாள் சலேத்மேரி உள்ளேயிருந்து.

“என்னது ரெட்டையா?”

“மழைதான். இது ஒரு மழை, அது மேல இன்னொரு மழை. ரெண்டு வருஷமா எங்க வூட்டுக்கு இப்படித்தான் பெய்யுது. சரி, நமக்கு வாய்ச்சது அப்படின்னு இருந்துட்டோம்.”

நீலாயதாட்சி வாசலில் நின்று பார்த்தாள். உண்மைதான். எல்லார் வீட்டிலும் பெய்கிற மழை ஒன்று சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. அதற்குள்ளே இன்னொன்று, நேராக, கனமாக, ஒரு எல்லைக்குள் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. ஓட்டுக்கூரையைத் தாண்டி முற்றத்து மண்ணில் அந்த எல்லையின் ஓரம் கத்தியால் வெட்டினதுபோலத் தெரிந்தது. ஓரம் நேராக வந்து, வாசலுக்கு முன்னால் அரைவட்டமாக வளைந்து, மறுபடி நேராகப் போயிற்று. தினமும் தான் கூட்டிப் பெருக்குகிற மாடத்தின் வளைவு ஒருத்திக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? அவள் இன்னும் பார்த்தாள். அந்த இரண்டாவது மழையின் நடுவில், கூரை முகட்டிலிருந்து முற்றம் வரைக்கும், ஒரு சாண் அகலத்துக்கு ஒரு கோடு ஓடியது. அந்தக் கோட்டில் இரண்டாவது மழை இல்லை. அண்ணனும் தம்பியும் தத்தம் பங்குக்குத்தானே வேண்டாம் என்றார்கள்? குறுக்குச் சுவர் நின்ற இடம் இரண்டு பங்கிலும் சேராததால் அதற்கு உரிய மழை எங்கேயும் பெய்யாமலே போயிருந்தது.

உள்ளே ஒழுகாத இடம் இல்லை. குடம், அண்டா, சட்டி, மூடி எல்லாம் தரையில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அடுப்பு மட்டும் வீட்டின் நடுவில், அடுப்பு இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது.

“இங்க மட்டும்தான்க்கா கொஞ்சம் ஒழுகல் கம்மி. ஏன்னே தெரியல. அதான் அடுப்ப இங்க தூக்கி வச்சுட்டேன்” என்றாள் சலேத்மேரி.

சூசை கட்டிலில் படுத்தபடியே தலைமாட்டுச் சுவரைத் தட்டிக் காட்டினான். மண் சுவர் ஊறி, நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. “சுவருக்கு மாசமாயிருக்குக்கா. இந்த ஐப்பசியில பெத்துரும்னு நினைக்கிறேன்” என்று சொல்லிச் சிரித்தான்.

நீலாயதாட்சிக்குச் சிரிப்பு வரவில்லை. இடியாப்பத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் அதைச் சாப்பிடவும் இல்லை. ‘எங்க மழைதான் உங்க மேல விழுது’ என்று அவர்களிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது, உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கூச்சத்தோடு இன்னொரு மழையைத் தன்னால் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. மூத்தார் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“மாமா, குழாயச் சரி பண்ணணும். மழையத் திரும்பக் கூப்பிடணும்.”

காயாரோகணம் பத்திரிகை வைக்க வேண்டிய வீடுகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நீலாயதாட்சி பார்த்ததையெல்லாம் சொல்லி முடிக்கிற வரைக்கும் விரலை மடக்கியபடியே இருந்தார்.

“மழை பெய்யிறதும் பெய்யாததும் நம்ம கையிலயாம்மா இருக்கு?”

“உங்க ரெண்டு பேரு வாயிலதான இருந்துச்சு?”

“கல்யாணம் முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்.”

“கல்யாணம் முடியறதுக்குள்ள அந்தச் சுவரு முடிஞ்சிரும் மாமா. சுவத்துக்குக் கீழ ஒரு ஆளு எழுந்திரிக்க முடியாம கெடக்கான்.”

“வேற எடத்துல போடச் சொல்லு கட்டில” என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி எண்ண ஆரம்பித்தார். அந்த வீட்டில் கட்டில் போட வேறு இடமே கிடையாது என்பதை அவர் போய்ப் பார்த்திருந்தால்தானே தெரியும்?

அன்றைக்குத்தான் அவள் கண்ணாடியோடு ஏணியில் ஏறினாள். குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் விரல் நுழைகிற சந்தில் கண்ணாடியைச் செருகிச் செருகிப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். முன்பக்கம் பச்சையும் மஞ்சளுமாக மாப்பிள்ளை மாதிரி இருந்த குழாயின் முதுகு, நடுத்துண்டில் நெட்டுக்குத்தாகப் பிளந்து கிடந்தது. இரண்டு கழுத்துகளில் அடைப்பு உதிர்ந்துபோயிருந்தது. வாய்க்குள் புறாக்கூடு இருந்தது, பந்து இருந்தது, எப்போதோ காணாமல் போய் வேலைக்காரியைச் சந்தேகப்பட வைத்த ஒரு வெள்ளிக் கரண்டியும் இருந்தது.

நாங்கள் சும்மா இருப்போமா? கீழே நின்று யோசனை சொன்னோம். பிவிசி வாங்கி மாட்டினால் ஒரு மணி நேர வேலை என்றோம். அவள் மேலேயிருந்தபடியே, “மழை கோவிச்சுக்கிட்டுப் போனது இந்தக் குழாயாலதானே? இதுல இறங்கித்தான் வரணும்” என்றாள். வெல்டிங் வைக்கலாம் என்று துறைமுகத்திலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்தோம். படகு இரும்பு பார்த்துப் பழகின கை அது. வார்ப்பிரும்பில் நெருப்பு பட்டதும் குழாய் படாரென்று இன்னும் ஒரு முழம் பிளந்தது. அவர் கருப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கூலிகூட வாங்காமல் போய்விட்டார். “மழையில்லாம இருக்கிறதுல உனக்கு என்னடி கஷ்டம்? வடகம் காயுதுல்ல?” என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டதற்கு, நீலாயதாட்சி மறுநாளே தன் பக்கத்து மாடியில் கிடந்த வடகம், கருவாடு, பஞ்சு எல்லாவற்றையும் அவரவர் வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். எங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒரு வாரம் அவளோடு யாரும் பேசவில்லை.

அவளுக்குப் பேச நேரமும் இல்லை. ஊரில் இருக்கிற பழைய இரும்புக் கடையெல்லாம் ஏறி இறங்கி, இடித்துப்போட்ட ஏதோ ஒரு பங்களாவின் குழாய்த்துண்டு ஒன்றைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தாள். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துத் தேய்த்து அவள் கையும் முகமும் செங்கல் நிறமாயின. கணவர் முதலில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார், பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டார், பிறகு இன்னொரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார். கழுத்துகளில் சணலைத் திரித்துச் செருகி, மேலே ஈயம் காய்ச்சி ஊற்ற வேண்டும். அவ்வளவு ஈயத்துக்கு எங்கே போவது என்று அவள் இடியாப்பம் வாங்குகிற இடத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

“குழாயா? பழைய குழாய்க்கா?” என்ற சூசை, பரணிலிருந்து தன் வலையை இறக்கச் சொன்னான். அவன் விழுந்த நாளிலிருந்து அந்த வலை கடலைப் பார்க்கவில்லை. கட்டிலில் படுத்தபடியே ஒவ்வொரு ஈயக்குண்டாக அறுத்து அவள் மடியில் போட்டான். “இது இனிமே மீன் பிடிக்கப் போறதில்ல. ஒங்க தண்ணியயாவது பிடிக்கட்டும்” என்றான். நீலாயதாட்சி தலை நிமிராமல் வாங்கிக்கொண்டு வந்தாள், வழியெல்லாம் அழுதாள்.

காய்ச்சின ஈயத்தில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் அது முகத்தில் தெறிக்கும். தெருவெல்லாம் மழை கொட்டிக்கொண்டிருக்க, பிறை வீட்டில் மட்டும் வெயில் காலத்தைப் போல நின்று நிதானமாக ஈயம் ஊற்றினார்கள். மழை இல்லாமல் போனதால் அந்த வீட்டுக்குக் கிடைத்த ஒரே நல்ல உபயோகம் அதுதான் என்று அம்பலவாணன் சொன்னார். பச்சையும் மஞ்சளும் சுரண்டப்பட்டு, குழாய் சுற்றிலும், முதுகுப்பக்கம் கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்து, ஒரே நிறமாக ரெட் ஆக்சைடு பூசிக்கொண்டது. நீலாயதாட்சி தன் பக்கத்து அரைவாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். பாதத்தில் வந்து விழுந்தது. நடுவில் ஒரு பொட்டுக் கசிவில்லை.

ஆனால் மழை வரவில்லை. ஐப்பசி பிறந்து, ஊரெல்லாம் வெள்ளமாய் ஓடியும் பிறை வீட்டின் மேல் ஒரு தூறல்கூட இல்லை. அவள் மாடியில் போய்க் குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வாய் இன்னும் பாதிதான் திறந்திருந்தது. அண்ணன் பக்கத்தில் சிமென்ட், நடுவில் குறுக்குச் சுவர். அரைவாயால் கூப்பிட்டால் யார் வருவார்கள்?

“அந்த எடத்துல ஒரு முழம் சுவத்த எடுத்துடலாம் மாமா. அவ்வளவுதான்.”

“முகூர்த்தக்கால் ஊணியாச்சு” என்றார் காயாரோகணம். உண்மையில் அதை வேண்டுமென்றே குறுக்குச் சுவரை ஒட்டித்தான் ஊன்றியிருந்தார். “கால் ஊணின வூட்டுல கல்யாணம் முடியிற வரைக்கும் எதையும் இடிக்கக் கூடாது. சுத்தியல் சத்தமே கேக்கக் கூடாது. உனக்குத் தெரியாததா?”

தெரிந்ததுதான். ஆனாலும் சுத்தியலை எடுத்துப் புடவைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். கல்யாணக் காலையில் கடலும் வானமும் ஒரே கருப்பாய் நின்றன. நாங்கள் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து, படிக்கட்டில் குடைகளை விட்டுவிட்டு மேலே போனோம். மேலே, அடேயப்பா! காற்றும் மழையும் நாலு புறமும் மதில் மாதிரி எழும்பி நிற்க, நடுவில் பந்தலே இல்லாத மணவறையில் ஹோமப் புகை அசையாமல் நேராக ஏறிக்கொண்டிருந்தது. மாயவரத்துச் சம்பந்தி வாய் பிளந்து நிற்க, காயாரோகணம் பட்டு வேட்டி சரசரக்க அவருக்குத் திசை திசையாகக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது நீலாயதாட்சி வந்தாள். அரக்குப் பட்டு, தலைநிறையப் பூ, கையில் சுத்தியல்.

நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்தார். காயாரோகணம் போய்க் குறுக்குச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டார்.

“இன்னிக்கா நீலா? என் பொண்ணு மணையில உக்காந்திருக்கா.”

“எனக்கும் அவ பொண்ணுதான் மாமா. நான் இடிக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ வந்து பாத்துருங்க.”

“என்னத்தப் பாக்கச் சொல்ற?”

அவள் பின்பக்கக் கைப்பிடிச் சுவரை நோக்கி நடந்தாள். மணையில் இருந்த கயல்விழி, “போய்ப் பாருங்கப்பா” என்றாள். அதற்குப் பிறகுதான் அவர் போனார். இரண்டு வருஷத்தில் அந்தப் பக்கம் அவர் எட்டிப் பார்த்ததே இல்லை.

கீழே சலேத்மேரியின் கூரை மேல் புயல் மழை ஒரு மழையாகவும் பிறை வீட்டு மழை ஒரு மழையாகவும் விழுந்துகொண்டிருந்தன. ஓடுகள் சரிந்து வழிந்தன. நேர் ஓரமும் பிறை வளைவுமாகத் தன் வீடு தண்ணீரில் வரைந்து வைத்ததுபோல அங்கே கிடப்பதைக் காயாரோகணம் பார்த்தார். அரைவட்டத்துக்குள் சலேத்மேரி முழங்கால் நீரில் நின்று, வெளியே தள்ளிக்கொண்டு வந்த சுவருக்கு ஒரு உலக்கையை முட்டுக்கொடுத்து, அதைத் தன் முதுகால் தாங்கிக்கொண்டிருந்தாள்.

“நடுவுல அது என்ன கோடு?” என்றார் காயாரோகணம். அந்த ஒரு சாண் அகலத்தில் மட்டும் ஓடுகளுக்கு நடுவிலிருந்து அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது.

“நம்ம சுவரு மாமா. அதுக்குக் கீழதான் அவ அடுப்பு வச்சிருக்கா.”

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபக்காரர், வீம்புக்காரர், ஆனால் கல்நெஞ்சக்காரர் இல்லை. அதை எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். திரும்பி வரும்போது அவர் முகம் வேறாக இருந்தது. நேராகக் குருக்களிடம் போனார்.

“முகூர்த்தம் ஆரம்பிச்சாச்சா?”

“இப்பத்தான் ஆரம்பிச்சுது. இன்னும் சடங்கெல்லாம்...”

“தாலிய எடுத்துக் குடுங்க.” பிறகு மேளக்காரர்களைப் பார்த்து, “கெட்டிமேளம்! நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. வேற எந்தச் சத்தமும் ஒரு காதுலயும் விழக் கூடாது. கொட்டுங்கய்யா!” என்று கத்தினார்.

தவில் இரண்டும் இடியாய் இறங்கின. கெட்டிமேளம் எதற்கு இருக்கிறது? வேண்டாத சத்தம் காதில் விழாமல் இருக்கத்தானே? மாப்பிள்ளை தாலியைக் கயல்விழியின் கழுத்துக்குக் கொண்டுபோக, காயாரோகணம் நீலாயதாட்சியின் கையிலிருந்து சுத்தியலை வாங்கிக் குறுக்குச் சுவரில் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த அம்பலவாணன் உளியை வைத்து, தான் அப்பிய சிமென்ட்டைத் தானே பெயர்த்தார். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டபோது ஒரு கல் விழுந்தது. மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட்டபோது குழாயின் வாய் முழுசாகத் திறந்தது. நாங்கள் அட்சதையை எறிந்தோம். அட்சதையோடு மழை விழுந்தது.

இரண்டு வருஷத்துப் பாக்கியெல்லாம் சேர்த்து வாங்கிக்கொண்டதுபோல நனைந்தோம். ஹோமம் அணைந்தது, பூ அலங்காரம் ஒழுகியது, சம்பந்தியம்மாளின் கொண்டை அவிழ்ந்து ஓடியது, வெற்றிலைத் தட்டு மிதந்து போயிற்று. மணமக்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாடி முழுவதிலிருந்தும் தண்ணீர் ஒன்றாகத் திரண்டு, அண்ணன் பக்கம் எது தம்பி பக்கம் எது என்று பாராமல் அந்த வாய்க்குள் குதித்து, கடகடவென்று குழாயில் இறங்கியது. நீலாயதாட்சி ஈரப் பட்டோடு படியில் ஓடினாள். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். குழாயின் பாதத்தில் முதலில் துருத்தண்ணீர் சிவப்பாக வந்தது, பிறகு இரண்டு புறா இறகு வந்தது, பிறகு பளிங்காகத் தண்ணீர் வந்தது.

“அந்தக் கண்ணாடிய எடு” என்றார் காயாரோகணம். கொட்டுகிற மழையில் மண்டியிட்டு, குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் கண்ணாடியைச் செருகி, மேலிருந்து கீழ் வரைக்கும் முதுகுப்பக்கத்தைப் பார்த்தார். சூசையின் ஈயம் ஒவ்வொரு கழுத்திலும் வெள்ளை வளையமாக உட்கார்ந்திருந்தது. “ஒழுகல” என்றார். பிறகு தம்பியிடம் கண்ணாடியைக் கொடுத்து, “நீயும் பாரு” என்றார்.

அந்த நேரத்தில் கொல்லைச் சந்து வழியாக, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, சாக்கைத் தலையில் போட்டபடி சலேத்மேரி ஓடி வந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. பட்டும் நகையுமாகச் சொட்டச் சொட்ட நின்ற எங்கள் எல்லாரையும் பார்த்தாள், நீலாயதாட்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“சுவரு?” என்றாள் நீலாயதாட்சி.

“சுவரு நிக்குதுக்கா. அது இல்ல. இந்தப் புயல்ல திடீர்னு எங்க வூட்டு மேல மட்டும் மழை பாதியா கொறைஞ்சிருச்சு. எங்களுக்குக் கொறைஞ்சா அது வேற யாரு தலையிலயாவதுதான விழணும்? போய்ப் பாத்துட்டு வா, போய்ப் பாத்துட்டு வான்னு அவரு விரட்டிட்டாரு” என்றாள். “உங்களுக்கு ஒண்ணும் ஆகலையேக்கா?”